ஜாஸ் பாடகி, கையில் புல்லாங்குழல், போகும் திசை பிரேசில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் பாடுகிறவர்கள், அதிலும் கூடவே புல்லாங்குழலும் வாசிக்கிறவர்கள், ஏதோ ஒரு கட்டத்தில் பிரேசில் இசைக்குள் போய்விடுகிறார்கள். அப்படிப் போகிறவர்களும், அவர்களைக் கேட்டுவிட்டு "இது என்ன சங்கீதம், எங்கிருந்து வந்தது" என்று தேடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் சில பதில்கள் நீளமாகவே இருக்கும்.

ஜாஸ் பாடகி, குழலும் வாசிப்பார். அவர் ஏன் பிரேசில் பக்கம் போகிறார்?

ஜாஸில் புல்லாங்குழலுக்கு எப்போதுமே ஓர் ஓரத்து இடம்தான். டிரம்பெட், சாக்ஸபோன் இவற்றின் சத்தத்துக்கு முன்னால் அது நிற்காது. 1950கள் வரைக்கும் பெரும்பாலும் சாக்ஸபோன்காரர்கள்தான் இரண்டாவது வாத்தியமாகக் குழலை எடுத்து ஒரு பாட்டுக்கு வாசித்துவிட்டு வைத்துவிடுவார்கள். பிரேசிலில் நிலைமை நேர் எதிர். அங்கே நகரத்து இசை என்று ஒன்று உருவானபோதே குழல்தான் நடுவில் இருந்தது. குரலுக்கும் அப்படித்தான். ஜாஸ் கிளப்பில் பின்னால் வாசிக்கும் பெரிய பட்டாளத்தைத் தாண்டிப் பாட வேண்டும், போஸா நோவாவில் (ரியோவில் பிறந்த தணிந்த பாட்டு வகை) பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற அளவு குரல் போதும். தணிந்த குரலும் தணிந்த வாத்தியமும் ஒருவரிடமே இருந்தால், அவர் இயல்பாகப் போய்ச் சேரும் இடம் அது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்ற பதில்களுக்கும் இதுதான் அடிப்படை. ஜாஸ் கலைஞர் பிரேசிலுக்குக் குழலைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அது அவருக்கு முன்னால் ஒரு நூறு வருஷமாக அங்கே இருக்கிறது. இது தெரிந்து போகிறவர் வாசிப்பதற்கும் தெரியாமல் போகிறவர் வாசிப்பதற்கும் காதில் கேட்கும் அளவுக்கு வித்தியாசம் உண்டு.

அப்படியானால் குழல் போஸா நோவாவோடு வந்தது இல்லையா?

இல்லவே இல்லை. போஸா நோவா 1958-59இல் வந்தது. குழலின் கதை அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னால் தொடங்குகிறது.

1859இல் பெல்ஜியத்திலிருந்து மாத்யூ-ஆந்த்ரே ரெய்ஷெர்ட் என்ற குழல் வித்வான், பேரரசர் இரண்டாம் பெட்ரோவின் அவை சார்பில் வரவழைக்கப்பட்டவர்களில் ஒருவராக ரியோ டி ஜெனிரோ வந்து இறங்கினார். ஜெர்மனியில் தியோபால்ட் போம் அப்போதுதான் திருத்தி அமைத்திருந்த புதுவகை உலோகக் குழல் அவர் கையில் இருந்தது. இன்று உலகம் முழுக்க வாசிக்கிற மேற்கத்தியக் குழல் அதன் வழி வந்ததுதான். அதே ரியோவில் ஜோவாக்கிம் கலாடோ என்ற இளைஞர் இருந்தார். 1848இல் பிறந்தவர், கலப்பினத்தவர், பழைய வகைக் கருங்காலிக் குழல் வாசித்தவர். ஐரோப்பாவிலிருந்து வந்த போல்கா நடன மெட்டுகளை எடுத்து, ஆப்பிரிக்க வம்சாவளியினரின் தாளத்தில் வளைத்து வாசிக்கும் ஒரு சிறு குழுவை அவர் அமைத்தார். ஒரு குழல், இரண்டு கிதார், ஒரு கவாகின்யோ (நான்கு தந்தி, சின்ன கிதார்). அவ்வளவுதான். ஷோரோ என்ற இசை வடிவம் இங்கிருந்துதான் எழுந்தது.

ரெய்ஷெர்ட்டும் கலாடோவும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் வாழ்ந்து, ஒரே 1880ஆம் ஆண்டில் இறந்துபோனார்கள். கலாடோவுக்கு அப்போது வயது 31. அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய வித்தையும் தெருவில் பிறந்த தாளமும் இவ்வளவு பக்கத்தில் உரசிக்கொண்டதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

அடுத்து வந்தவர் பிஷிங்கின்யா (1897-1973). பிரேசில் இசையில் ஒரே ஒருவரைத்தான் கேட்க முடியும் என்று சொன்னால் நான் இவரைத்தான் சொல்வேன். சிறுவயதிலேயே குழல் வித்வான். 1919இல் எட்டுப் பேர் கொண்ட குழுவாக ரியோவின் ஒரு சினிமா கொட்டகையின் முன்கூடத்தில் வாசிக்க ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் கறுப்பினக் கலைஞர்கள் அடங்கிய குழு அது. 1922இல் அவர்கள் பாரிஸ் போய் மாதக்கணக்கில் வாசித்தார்கள். கறுப்பர்கள் பிரேசிலின் பெயரில் பாரிஸ் போவதா என்று ஊர்ப் பத்திரிகைகளில் சிலர் எழுதினார்கள். இன்று அந்த நாடு அவருடைய பெயரில் ஏப்ரல் 23ஐ தேசிய ஷோரோ நாளாகக் கொண்டாடுகிறது.

1940களில் அவர் குழலை வைத்துவிட்டு டெனர் சாக்ஸபோனுக்கு மாறினார். பெனெடிட்டோ லசெர்டா என்ற இன்னொரு குழல் கலைஞர் மேலே மெட்டை வாசிக்க, பிஷிங்கின்யா கீழே சாக்ஸபோனில் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போவார். 1946 முதல் வந்த அந்த ஒலிப்பதிவுகளைக் கேட்டால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசியும் ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டாமல் இருப்பது எப்படி என்று புரியும். குழல் கற்கும் எவரும் தொடங்க வேண்டிய இடம் இது.

ஷோரோவும் ஜாஸும் ஒன்றுதானா? இரண்டிலும் மனோதர்மம் இருக்கிறதே?

பார்வைக்கு அண்ணன் தம்பிதான், ஆனால் வளர்ந்த வீடு வேறு. ஜாஸில் மெட்டை ஒரு முறை வாசித்துவிட்டு, அதன் ஸ்வரக்கட்டு மேல் முற்றிலும் புதிதாக ஒன்றைக் கட்டுவார்கள். ஷோரோவில் மெட்டை விட்டு அவ்வளவு தூரம் போவதில்லை. மூன்று பகுதி, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் முதல் பகுதிக்குத் திரும்புவது என்பதுதான் பழைய அமைப்பு. திரும்ப வரும்போது அதே மெட்டைக் கொஞ்சம் மாற்றி, கொஞ்சம் சீண்டி, எங்கே மூச்செடுக்கப் போகிறீர்கள் என்று கிதார்காரர் ஊகிக்க முடியாதபடி வாசிப்பதில்தான் மனோதர்மம் இருக்கிறது. கிதார்காரரும் சும்மா இல்லை, ஏழு தந்திக் கிதாரில் கீழிருந்து ஓடிவந்து உங்களை மடக்கப் பார்ப்பார்.

ஜாஸிலிருந்து வருகிறவர்கள் ஷோரோ வட்டத்தில் முதல்முறை உட்காரும்போது மெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு நீண்ட தனி ஆவர்த்தனத்துக்குப் போய்விடுவது வழக்கமாக நடக்கிற ஒன்று. யாரும் கோபப்பட மாட்டார்கள், ஆனால் அடுத்த பாட்டில் உங்கள் பக்கம் திரும்பவும் மாட்டார்கள்.

அமெரிக்க ஜாஸ் குழல்காரர்கள் எப்போது அங்கே போனார்கள்?

ஹெர்பி மேன் முக்கியமானவர். புரூக்ளினில் 1930இல் பிறந்தவர். குழலையே முதல் வாத்தியமாக வைத்து ஜாஸில் பெயர் வாங்கிய ஆரம்பக்காரர்களில் ஒருவர். 1961இல் ஒரு ஜாஸ் குழுவோடு பிரேசில் போனார். அதற்கு முன்னால் அவர் ஆஃப்ரோ-கியூபத் தாளங்களில் வாசித்துக்கொண்டிருந்தார். அந்தத் தாளங்கள் வலுவானவை, ஆனால் ஒன்றிரண்டு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) மேலேயே நெடுநேரம் ஓடும். பிரேசிலில் அதே தாள பலத்தோடு நகர்ந்துகொண்டே இருக்கும் ஸ்வரக்கட்டும் மெட்டும் கிடைத்தன. 1962 அக்டோபரில் அவர் மறுபடி ரியோ போய், நியூயார்க் கலைஞர்களை வைத்துப் பாவனை செய்யாமல், அந்த ஊர் ஆட்களோடேயே ஒலிப்பதிவு செய்தார். கிதாரில் பாடன் பவல், பியானோவில் இருபத்தோரு வயது செர்ஜியோ மெண்டஸ். ஒரு பாட்டை ஆன்டோனியோ கார்லோஸ் ஜோபிமே பாடியிருக்கிறார். இசையமைப்பாளரே வந்து, பெரிய பாடகர் என்ற பாவனை எதுவும் இல்லாமல், ஆங்கிலத்தில் தன் பாட்டைப் பாட, பக்கத்தில் குழல் ஓடுகிறது. குரலும் குழலும் எவ்வளவு நெருங்கி நிற்கலாம் என்பதற்கு நல்ல உதாரணம்.

அப்புறம் லியோ ரைட். டிரம்பெட் கலைஞர் டிஸி கில்லெஸ்பியின் குழுவில் ஆல்டோ சாக்ஸபோனும் குழலும் வாசித்தவர். 1963இல் நியூயார்க்கில் ஜோபிம் தன் முதல் தனி ஆல்பத்தைப் பதிவு செய்தபோது குழல் வாசித்தது இவர்தான். அதில் பாட்டே கிடையாது. ஜோபிம் பியானோவில் பெரும்பாலும் ஒற்றை ஸ்வரமாகத் தட்டுகிறார், வாத்தியப் பின்னணி அமைத்த கிளாஸ் ஓகர்மன் வயலின்களை மிகக் குறைவாக வைத்திருக்கிறார், நடுவே ரைட்டின் குழல் வந்து போகிறது. எங்கே வாசிக்கக்கூடாது என்பதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஆல்பம் எனக்குத் தெரியாது.

வெளியாட்கள் இப்படிப் போய் வாசிப்பது சரியா? எடுத்துக்கொண்டு போவது போல இல்லையா?

நியாயமான கேள்வி. 1962இல் அமெரிக்காவில் போஸா நோவா அலை அடித்தபோது கையில் கிடைத்ததையெல்லாம் அந்தப் பெயரில் விற்றார்கள். மோசமான மொழிபெயர்ப்புகள், தட்டையான தாளம், ஊர்ப்பெயர் தெரியாத ஆட்கள். 1964இல் வெளிவந்து கிராமி வாங்கிய, அமெரிக்க சாக்ஸபோன்காரர் ஸ்டான் கெட்ஸ், பிரேசில் பாடகர் ஜோவாவ் ஜில்பெர்டோ ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகமெங்கும் ஒலித்தது ஆஸ்ட்ரூட் ஜில்பெர்டோவின் குரல், ஆனால் ஆல்பத்தின் முன்னட்டையில் அவர் பெயர் இல்லை. இது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆனாலும் வெளியாள் என்பதாலேயே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஒடெட் எர்னெஸ்ட் டியாஸ் என்ற பெண்மணியைப் பாருங்கள். பாரிஸில் பிறந்து, அங்கேயே குழல் படித்து, 1952இல் சிம்பொனி இசைக்குழுவில் வேலைக்காக பிரேசில் வந்தவர். ஊர் திரும்பவில்லை. ஷோரோவுக்குள் முழுதாக இறங்கினார். பிரேசிலியா என்ற புத்தம்புது தலைநகரத்தில் பல்கலைக்கழகத்தில் குழல் கற்பித்தார். அங்கே ஷோரோ மன்றம் உருவாகக் காரணமானவர்களில் அவரும் ஒருவர், ஆரம்பக் கூடல்கள் அவர் வீட்டிலேயே நடந்தன. கற்றுக்கொண்டார், திருப்பியும் கொடுத்தார். எனக்கு அளவுகோல் இதுதான்: பாட்டை எழுதியவர் பெயரைச் சொல்கிறாரா, அந்த ஊர்க் கலைஞரோடு உட்கார்ந்து வாசிக்கிறாரா, அவர்களுக்குக் காசு போகிறதா.

குரலும் குழலும் சேர்ந்து ஒலிப்பதற்கு எதைக் கேட்கலாம்?

ஃப்ளோரா பூரிம். 1942இல் ரியோவில் பிறந்தவர், 1967இன் கடைசியில் அமெரிக்கா போனார். 1972இல் ஜாஸ் பியானோ கலைஞர் சிக் கொரியா அமைத்த குழுவில் இவர் குரல், ஜோ ஃபாரல் குழலும் சாக்ஸபோனும், ஸ்டான்லி கிளார்க் பாஸ், ஃப்ளோராவின் கணவர் ஐர்ட்டோ மொரெய்ரா டிரம்ஸ். அந்த ஒரே வருஷத்தில் இரண்டு ஆல்பங்கள் பதிவு செய்தார்கள். ஃப்ளோரா சில இடங்களில் சொற்களை விட்டுவிட்டு வெறும் ஒலியாகப் பாடும்போது, அது எங்கே முடிந்து குழல் எங்கே தொடங்குகிறது என்று நல்ல ஹெட்போனில் கேட்டால்தான் பிடிபடும். பாடகி முன்னால், வாத்தியம் பின்னால் என்ற ஏற்பாடே அங்கே இல்லை. 1976இல் வந்த அவருடைய தனி ஆல்பம் ஒன்றில் பல வாத்தியம் வாசிக்கும் பிரேசில் கலைஞர் எர்மெட்டோ பாஸ்கோவாலும் குழல் வாசித்திருக்கிறார், அதையும் விடாதீர்கள்.

ஒரே ஆள் பாடவும் வாசிக்கவும் முடியுமா? நடைமுறையில் எப்படி?

முடியும். டானிலோ கய்ம்மி அதைத்தான் செய்கிறார். பாஹியாவின் பெரும் பாடலாசிரியர் டோரிவல் கய்ம்மியின் மகன், ஜோபிமின் கடைசிக் காலக் குழுவில் குழலும் குரலுமாக இருந்தவர். அந்தக் குழுவில் ஐந்து பெண்கள் சேர்ந்து பாட, ஜோபிமின் பியானோவைச் சுற்றிக் குழல் வளையவரும். 1987இல் வந்த ஜோபிம் ஆல்பத்தில் அந்த ஒலியைக் கேட்கலாம்.

நடைமுறையில் முதல் சிக்கல் மூச்சு. ஒரு பாட்டின் கடைசி வரியைப் பாடி முடித்த கையோடு குழலை உதட்டில் வைத்தால் முதல் இரண்டு ஸ்வரம் காற்றாகத்தான் போகும். பாடும்போது தாடையும் நாக்கும் தளர்ந்திருக்கும், குழலுக்கு உதடு குவிய வேண்டும். அதனால் அனுபவசாலிகள் குரல் வரிக்கும் குழல் பகுதிக்கும் இடையே கிதாருக்கு இரண்டு தாளச் சுற்றாவது விட்டுவைப்பார்கள். கேட்பவருக்கு அது அழகான இடைவெளி, வாசிப்பவருக்கு உதடு ஈரமாக்கிக்கொள்ளும் நேரம்.

இரண்டாவது மைக். பாடுவதற்கு வாயை மைக்கில் ஒட்டி வைப்பார்கள். குழலை அதே இடத்தில் ஊதினால் காற்று நேராக மைக்கில் அடித்துப் புஸ்ஸென்று கேட்கும். குழலுக்குத் தனி மைக் வைத்து, உதட்டுக்கு நேரே இல்லாமல் கொஞ்சம் மேலே, முதல் சாவிகள் பக்கமாகத் திருப்புங்கள். ஒரே மைக்தான் என்றால் தலையை நகர்த்தப் பழக வேண்டும்.

மூன்றாவது சுருதி எல்லை. மேற்கத்தியக் குழலின் அடி ஸ்வரம் பியானோவின் நடு ஸி. பெண் குரலின் நல்ல தணிந்த பகுதி அதற்கு மேலும் கீழுமாக இருக்கிறது. ஆகவே பாடிய அதே மெட்டை அதே சுருதியில் வாசித்தால் குழலின் மிக மெல்லிய அடிப்பகுதியில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு ஸ்தாயி மேலே வாசிக்கலாம், ஆனால் நெருக்கம் போய்விடும். சிலர் இதற்காகவே தணிந்த சுருதி ஆல்டோ குழலை வைத்திருக்கிறார்கள்.

ஊதிக்கொண்டே தொண்டையிலும் பாடுவது வேறு வித்தை. ரோலண்ட் கிர்க், யூசெஃப் லதீஃப் என ஜாஸில் அதற்கு ஒரு மரபு இருக்கிறது. எர்மெட்டோ பாஸ்கோவால் அதை எங்கோ கொண்டுபோனார். அவருக்குக் கெண்டி, பொம்மை, தண்ணீர் நிறைந்த பாட்டில் எல்லாமே வாத்தியம். ஏரித் தண்ணீரில் நின்று தன் குழுவோடு அவர் குழல் ஊதும் படக்காட்சியைப் பார்த்திருப்பீர்கள். 1996 ஜூன் 23 தொடங்கி ஒரு வருஷம், தினம் ஒரு மெட்டு எழுதினார், லீப் வருஷத்தில் பிறந்தவர்களும் விட்டுப்போகாமல் இருக்க மொத்தம் 366. உலகில் எல்லாருக்கும் பிறந்தநாளுக்கு ஒரு மெட்டு இருக்க வேண்டுமாம். 2025 செப்டம்பரில் 89 வயதில் மறைந்தார்.

தாளம் பிடிபடவே மாட்டேன் என்கிறதே?

தமிழ் வாசகருக்கு இது உண்மையில் எளிது. இப்படிச் செய்யுங்கள். காலால் நிதானமாக நாலு அடி போடுங்கள். ஒவ்வோர் அடிக்கும் நாலு மாத்திரை, மொத்தம் பதினாறு. இப்போது வாயால் சொல்லுங்கள்:

தகிட தகிட தகதிமி தகிட தகிட

மூன்று, மூன்று, நாலு, மூன்று, மூன்று. கூட்டினால் பதினாறு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் கைதட்டுங்கள். முதல் அடியைத் தவிர வேறு எங்கேயும் காலும் கையும் சேர்ந்து விழாது. போஸா நோவா என்ற பெயரில் டிரம்ஸ்காரர்கள் ஓரத்தில் தட்டுகிற வடிவம் இதுதான். கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த காதுக்கு ஐந்து நிமிஷ வேலை.

ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். அந்த வடிவம் ஒரு சுருக்கம்தான். ஜோவாவ் ஜில்பெர்டோவின் கிதாரைக் கேளுங்கள்: கட்டைவிரல் நேராக நடந்துகொண்டே இருக்கிறது, மற்ற விரல்கள் சம்பாவின் (பிரேசிலின் நடன இசை) தம்போரிம் என்ற சிறு பறை வாசிப்பதை எடுத்து வாசிக்கின்றன. அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். அதன் மேல் குரல் தனியாக மிதக்கிறது, சில சமயம் முன்னே ஓடும், சில சமயம் பின்தங்கும், ஆனால் கிதார் அசையாது. இரண்டும் ஒரே மனிதர்!

ஜாஸ்காரர்களுக்கு இங்கே ஒரு பழக்கத்தை விட வேண்டியிருக்கும். ஜாஸின் ஸ்விங்கில் அடியை நீளம், குட்டை என்று இரண்டாகப் பிரிப்பார்கள். சம்பாவில் அடி நாலாகப் பிரிகிறது, அதில் முதலும் நாலாவதும் கொஞ்சம் அழுத்தம். ஸ்விங்கை அப்படியே கொண்டுவந்து வைத்தால் எல்லாம் நொண்டும். சம்பாவில் கனமான அடி இரண்டாவது அடிதான், சுர்தோ என்ற பெரிய பறை அங்கேதான் இறங்கும். குழலில் மெட்டை எடுக்கும் முன் ஒரு வாரம் அந்தச் சுர்தோவோடு சேர்ந்து வெறுமனே நடந்து பாருங்கள் என்பேன்.

போர்த்துகீசியம் தெரியாமல் பாடலாமா?

பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், சாரா வான் இருவருமே ஜோபிமை ஆங்கிலத்தில் பாடியிருக்கிறார்கள், அழகாகவே. சாரா வான் 1977இல் ரியோவுக்கே போய் அந்த ஊர் ஆட்களோடு ஓர் ஆல்பம் செய்தார். ஆனால் மூல மொழியில் பாடும்போது தாளமே மாறுகிறது. போர்த்துகீசியச் சொற்கள் பெரும்பாலும் மெல்லிய உயிரோசையில் முடிவதால் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போகும். ஆங்கிலத்தில் வல்லெழுத்து வந்து வரியை வெட்டிவிடுகிறது.

மற்றவர்களுக்கு வருஷக்கணக்கில் தகராறு செய்கிற அந்த மூக்கொலி, நமக்கு ஏற்கெனவே வாயில் இருக்கிறது. "மரம்", "அவன்" என்று எழுதுகிறோம், பேசும்போது கடைசி ம், ன் இரண்டையும் முழுதாகச் சொல்வதில்லை, உயிரை மூக்கில் ஏற்றி விட்டுவிடுகிறோம். உதடு மூடாமல், நாக்கு மேலே தொடாமல். கிட்டத்தட்ட அதே இடம்தான் பிரேசிலியரின் மூக்கொலியும். "வந்தேன்" என்பதை எப்படிப் பேச்சில் முடிக்கிறீர்களோ அப்படியே முடியுங்கள், பாதி வேலை முடிந்தது. மீதி: ரியோவில் சொல்லின் கடைசி ஸ் பெரும்பாலும் ஷ் ஆகும், எழுத்தில் "தெ" என்று முடிவது "ச்சி" என்று ஒலிக்கும், சொல் தொடக்கத்து ர கிட்டத்தட்ட ஹ ஆகிவிடும்.

குரலில் அசைவு (நீட்டும் ஸ்வரத்தை நடுங்கவிடுவது) வைக்கலாமா? குழலில்?

குறைத்துக்கொள்ளுங்கள். போஸா நோவாவுக்கு முன்னால் பிரேசில் வானொலிப் பாடகர்கள் முழுத் தொண்டையில், அசைவோடுதான் பாடினார்கள். ஜில்பெர்டோ அதை அப்படியே இறக்கி வைத்தார். அந்தத் தலைமுறை ரியோ இளைஞர்கள் அமெரிக்க ஜாஸ் பாடகர் செட் பேக்கரின் நேரான, அலங்காரமில்லாத பாட்டைத் தேடித் தேடிக் கேட்டவர்கள். குழலுக்கும் இதே விதிதான். ஆனால் ஷோரோ வாசிக்கும்போது விதி மாறும். அல்தமிரோ கரில்யோவைக் (1924-2012) கேட்டால் அசைவு, துள்ளல், டிரில் (இரண்டு ஸ்வரத்தை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) எல்லாம் தாராளமாக இருக்கும், அந்த இசைக்கு அதுதான் அழகு.

பிரேசில் என்றால் போஸா நோவாதானா?

இல்லை, இங்கேயே நின்றுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். போஸா நோவா ரியோவின் கடற்கரைப் பக்கம் ஒரு சில தெருக்களில் பிறந்தது. நாடு அதைவிடப் பெரியது.

வடகிழக்கில், பெர்னாம்புகோ, பராய்பா, அலகோவாஸ் மாநிலங்களின் வறண்ட பூமியில், பீஃபனோ என்ற மூங்கில் குழல் இருக்கிறது. இரண்டு பீஃபனோ, ஒரு பெரிய சபும்பா மேளம், ஒரு சிறு மேளம், கைத்தாளம். இரண்டு குழலும் ஒன்றுக்கொன்று மூன்றாம் ஸ்வர இடைவெளியில் சேர்ந்தே போகும். கோயில் திருவிழாவுக்கும் இதே செட்டுதான், கல்யாணத்துக்கும் இதே செட்டுதான். கருவாரு ஊரின் பியானோ (Biano, வாத்தியம் இல்லை) குடும்பத்துக் குழு 1924இல் தொடங்கியது. 1972இல் பாடகர் ஜில்பெர்டோ ஜில் லண்டனில் நாடுகடந்த வாழ்க்கையை முடித்துத் திரும்பியதும் வெளியிட்ட ஆல்பத்தின் முதல் ஒலியே அவர்களுடைய குழல்கள்தான். பராய்பாவில் சபே டா லோகா என்ற மூதாட்டி பீஃபனோ வாசித்தார். கால் நூற்றாண்டு ஒரு பாறைக் குகையில் குடியிருந்தவர், வயதான பிறகுதான் வெளியுலகம் அவரைக் கேட்டது. 2017இல் காலமானார். தொண்டை வழியாக வருகிற மாதிரி ஒரு கரகரப்பு அந்தக் குழலில், எந்தக் கல்லூரியிலும் கற்றுத்தர முடியாதது.

இந்தப் பகுதி மெட்டுகளை, லூயிஸ் கோன்சாகா ஊரெல்லாம் பரப்பிய பையாவ் என்ற நடன இசை உட்பட, கர்நாடக சங்கீதம் தெரிந்தவர் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார். சில மெட்டுகள் ஹரிகாம்போதியின் ஸ்வரங்களில் இருக்கும், சிலவற்றில் மத்யமம் பிரதி மத்யமமாக ஏறிவிடும், அப்போது கிடைப்பது அச்சு அசல் வாசஸ்பதியின் ஸ்வரங்கள். கமகம் கிடையாது, ராகம் என்று சொல்லவும் கூடாது. ஆனால் விரல்களுக்கு வழி தெரியும்.

எர்மெட்டோ இந்த மண்ணிலிருந்து வந்தவர். அவர் குழுவில் பன்னிரண்டு வருஷம் இருந்த கார்லோஸ் மால்டா பிற்பாடு பீஃபனோவையும் வெள்ளிக் குழல்களையும் மேளங்களையும் வைத்துத் தனிக் குழுவே அமைத்தார். சாவோ பாவ்லோவில் லேயா ஃப்ரெய்ரே குழலும் பியானோவும் வாசித்து, தானே எழுதி, பிறர் இசையையும் வெளியிட ஒரு சிறிய நிறுவனம் நடத்துகிறார். பெண் குழல் கலைஞர் ஒருவர் முன்மாதிரி தேடினால் நான் முதலில் காட்டுவது இவரைத்தான்.

நேரில் போய்க் கற்க முடியுமா?

முடியும். ரியோவில் மவுரிசியோ கரில்யோ, லூசியானா ஹபெல்லோ முதலியவர்கள் தொடங்கிய ஷோரோ பள்ளி இருக்கிறது, சனிக்கிழமைகளில் உர்கா பக்கம் நூற்றுக்கணக்கானவர்கள் வாத்தியத்தோடு கூடுவார்கள், கடைசியில் எல்லாரும் சேர்ந்து மரத்தடியில் வாசிப்பார்கள். நகர மையத்தில் கரியோகா தெருவில் ஷோரோ இல்லம் 2015இல் திறந்தது. லரஞ்ஜெய்ராஸ் பகுதியில் சாவோ சால்வடோர் சதுக்கத்தில் ஞாயிறு காலை ஷோரோ வட்டம், நின்று கேட்கக் காசு வேண்டாம். முதல் நாளே குழலைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். சில வாரம் நின்று கேட்டு, என்னென்ன பாட்டு, யார் சைகை கொடுக்கிறார் என்று பாருங்கள். அவர்களே கூப்பிடுவார்கள்.

என்னிடம் கர்நாடக மூங்கில் குழல்தான் இருக்கிறது. அதில் தொடங்கலாமா?

தொடங்கலாம், ஆனால் எதில் என்பதைப் பார்க்க வேண்டும். வடகிழக்கு மெட்டுகளுக்கு அது நன்றாகவே பொருந்தும், பீஃபனோவும் மூங்கில்தானே. போஸா நோவாவில் ஆதார சுருதி அடிக்கடி மாறும், பாதித் துளை பிடித்துச் சமாளிக்கலாம், மெதுவான பாட்டுகளில் அந்த வழுக்கல் அழகாகவே இருக்கும். வேகமான ஷோரோவில் அரைஸ்வர ஓட்டம் சரமாரியாக வரும், அங்கேதான் திணறும். ஆனால் கலாடோவும் நவீனச் சாவிகள் இல்லாத குழலில்தான் வாசித்தார், ஆகவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவருடைய பிரபலமான போல்கா ஒன்று, பெயர் "மலர்" என்ற சொல்லில் தொடங்குவது, இன்றும் ஷோரோ கற்கிறவர்களுக்கு ஆரம்பப் பாடம். பாதி வேகத்தில், கிதார் துணையோடு, முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.